ஆட்காட்டியின் குரலும் ஓடாசிட்டியும்: விளையாட்டுக்குள் எங்கள் ஊர் ஒலிகள்

கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து உள்ளே போகும் கிறவல் வீதியொன்றின் ஓரத்தில் இருக்கும் சனசமூக நிலையத்தில், சனி ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கிறேன். பாடம் முடிந்த பின்னர் அவர்கள் அங்குள்ள கணினியில் முறைவைத்து மைன்கிராப்ட் விளையாடுவார்கள். அந்த விளையாட்டின் ஓசைகளை வெளியே எடுத்து, அவை இருந்த இடத்தில் எங்கள் ஊரின் ஓசைகளை வைக்கும் வேலையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து வருகிறேன். அதற்காக நாங்கள் எட்டு மாதங்கள் கைக்கொண்ட ஓடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு மென்பொருளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இந்த வேலையில் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் எங்களுக்கு முதல் இரண்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும்.

வேலை தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. மைன்கிராப்டில் கிறீப்பர் என்றொரு பச்சை உருவம் ஓசையில்லாமல் அருகில் வந்து, சீறி, வெடிக்கும். டி.என்.டி. கட்டிகளும் அதே வெடியோசையோடுதான் வெடிக்கும். நிலையத்துக்கு அடுத்த வளவில் இருக்கும் வயதான அம்மா ஒருவர், ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் வரும் ஒவ்வொரு தடவையும் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்து நின்று வானத்தைப் பார்ப்பார். 2009ஆம் ஆண்டுக்கு முன்னர் இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை. ஒலியைக் குறைக்கச் சொன்னேன், பிள்ளைகளும் குறைத்தார்கள். ஆனால் குறைத்தால் விளையாட்டின் மற்ற ஓசைகளும் சேர்ந்து போய்விடுகின்றன. அப்போது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ரீச்சர், அந்த ஒரு சத்தத்தை மட்டும் மாத்த ஏலாதோ?" என்று கேட்டாள். மாற்றலாம் என்பது தெரியும், எப்படி என்பதுதான் அன்று தெரியாமல் இருந்தது.

ஓடாசிட்டி இலவசமான, மூலநிரல் திறந்த மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் 1999இல் தொடங்கிய வேலை, 2000ஆம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலேயே முழுதாக வேலை செய்யும் என்பது, டேட்டா அட்டை முடியும் வரைதான் இணையம் என்றிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விடயம். நான்கு கிகாபைட் நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினியில் எங்களுக்கு ஒரு நாளும் அது திணறவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். விளையாட்டிலிருந்து ஓசையை வெளியே எடுப்பது ஓடாசிட்டியின் வேலை அன்று. அது ஒலிக்கோப்பைத் திறக்கும், வெட்டும், திருத்தும், வேண்டிய வடிவில் எழுதிக் கொடுக்கும். கோப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. மைன்கிராப்டின் ஜாவா பதிப்பில் இது கடினமன்று, ஆனால் முதல் பார்வைக்குக் குழப்பமானது. விளையாட்டின் அசெட்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஒப்ஜெக்ட்ஸ் என்ற கோப்புறையைத் திறந்தால், ஓசையின் பெயர் எதுவும் இராது. நாற்பது எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான பெயர்களும், அப்பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளைத் தலைப்பாகக் கொண்ட கோப்புறைகளுமே நிறைந்திருக்கும். அந்த நீளப் பெயர் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட அடையாளம். எந்த அடையாளம் எந்த ஓசைக்குரியது என்பதை, பக்கத்தில் இண்டெக்ஸஸ் என்ற கோப்புறையில் உள்ள ஜேசன் கோப்பு சொல்லும். அதைச் சாதாரண எழுத்துத்தொகுப்பியில் திறந்து வெடியோசையின் பெயரைத் தேடி, அதற்கு நேரே உள்ள அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, உரிய கோப்புறையிலிருந்து கோப்பைப் பிரதிசெய்து, பெயரின் இறுதியில் ஓக் என்னும் நீட்டிப்பைச் சேர்த்தால், அது ஓடாசிட்டியில் உடனே திறக்கும். பெயர்களை ஒரு பிள்ளை வாசிக்க மற்றப் பிள்ளை தேடி எடுக்க என்று, ஒரு பின்னேரத்திலேயே எங்களுக்குத் தேவையான இருபதுக்கு மேற்பட்ட ஓசைகளை எடுத்துவிட்டோம்.

எடுத்த கோப்புகளை ஓடாசிட்டியில் திறந்து பார்த்தபோதுதான் அதன் பெறுமதி விளங்கியது. ஒலி அலையாகக் கண்முன்னே விரியும்போது, காதுக்குப் பிடிபடாதவை கண்ணுக்குப் பிடிபடுகின்றன. வெடியோசை ஒன்றல்ல, நான்கு. ஒவ்வொரு தடவையும் விளையாட்டு அவற்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, சுருதியையும் சற்றே மாற்றி ஒலிக்கிறது. அதனால்தான் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருவதுபோல் தோன்றுவதில்லை. மழைக்கு நான்கு கோப்புகள், கண்ணாடி உடைவதற்கு மூன்று. இதைக் காணாமல் ஒரேயொரு ஓசையை மட்டும் பதிவுசெய்து வைத்திருந்தால், விளையாடுகிறவர் பத்து நிமிடத்தில் சலித்துப்போவார். ஓசைகள் ஒற்றைத்தடமாக (மோனோ) இருக்கின்றன என்பதையும் அங்கேதான் கவனித்தோம். இந்த வேலையைச் செய்யப்போகும் எவரும் மறக்கக்கூடாதது இது. ஒற்றைத்தட ஓசைக்குத்தான் இடமும் தூரமும் உண்டு. மாடு இடப்பக்கம் நின்றால் இடக் காதில் கேட்கும், விலகினால் ஓசை தேயும். இரட்டைத்தடமாக ஏற்றினால் மாடு எங்கு நின்றாலும் இரண்டு காதுக்குள்ளும் ஒரே அளவில் கத்தும். கைத்தொலைபேசிகள் பல இரட்டைத்தடமாகவே பதிகின்றன என்பதால், ஓடாசிட்டியில் இரட்டைத்தடத்தை ஒன்றாகக் கலக்கும் கட்டளையை எங்கள் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் முன்னர் படித்தார்கள்.

பதிவுக் கருவி எதுவும் நாங்கள் வாங்கவில்லை. கையில் உள்ள தொலைபேசியே போதுமானதாக இருந்தது. ஆனால் தொலைபேசியிலிருந்து கணினிக்கு வரும் வழியில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்தோம். பல தொலைபேசிகளின் பதிவுச் செயலி எம்4ஏ என்ற வடிவில் சேமிக்கிறது. விண்டோஸ் கணினியில் ஓடாசிட்டி அதைத் தானாகத் திறக்காது. எஃப்எஃப்எம்பெக் என்னும் நூலகத்தைத் தனியே இறக்கி நிறுவினால்தான் திறக்கும். மென்பொருளை முதன்முதலாகத் திறக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த விவரம் எங்கும் எடுப்பாகக் கண்ணில் படாது, பிழைச்செய்தி வந்த பின்னரே தெரியவரும். இது ஒரு குறை என்றே சொல்வேன். பதிவுச் செயலியின் அமைப்பில் வேவ் வடிவத்தைத் தெரிவுசெய்ய முடியுமானால் இந்தச் சிக்கல் முழுதாக நீங்கிவிடும்.

இரண்டாவது தடுக்கல் இன்னும் நுட்பமானது. மாணவன் ஒருவன் தன் வீட்டுச் சேவல் கூவியதை வட்ஸ்அப்பில் குரல் அஞ்சலாக அனுப்பினான். அது ஓக் நீட்டிப்போடு வந்தது. மைன்கிராப்டும் ஓக் கோப்பைத்தான் கேட்கிறது என்பதால் நேரடியாக உள்ளே வைத்தோம், ஆனால் விளையாட்டில் ஓசையே வரவில்லை. ஓக் என்பது ஒரு பெட்டி மாத்திரமே. அந்தப் பெட்டிக்குள் வோர்பிஸ் முறையில் சுருக்கிய ஒலியும் இருக்கலாம், ஓபஸ் முறையில் சுருக்கிய ஒலியும் இருக்கலாம். குரல் அஞ்சல் ஓபஸ், விளையாட்டுக்கு வேண்டியது வோர்பிஸ். ஓடாசிட்டியின் ஏற்றுமதிப் பட்டியலில் இவ்விரண்டும் தனித்தனியே காட்டப்படுவதால், இந்த வேறுபாட்டை அறிந்தவருக்கு அதன் பின் தவறு நேராது. ஒலியை வட்ஸ்அப்பில் அனுப்பத்தான் வேண்டுமென்றால், குரல் அஞ்சலாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். குரல் அஞ்சல் பேச்சுக்காகவே நசுக்கப்படுவதால், சேவலின் குரலில் இருந்த கார்வை அதில் போய்விடுகிறது.

வெடியோசைக்குப் பதிலாக எதை வைப்பது என்று பிள்ளைகளிடமே கேட்டேன். ஆவணி மாதத்தில் பனம்பழம் விழும் சத்தத்தை வைக்கலாம் என்றார்கள். மணல் தரையில் 'தொம்' என்று விழும் அந்தச் சத்தம் கனமானது, ஆனால் யாரையும் அச்சுறுத்தாதது. விழும் நேரத்தை எவராலும் சொல்ல முடியாது என்பதால், பனைகளின் அடியில் தொலைபேசியை ஒரு பெட்டிக்குள் வைத்து, இரவில் நாற்பது நிமிடம் பதியவிட்டோம். அந்த நீளமான பதிவுக்குள் மூன்று இடங்களில் மட்டும் அலை குத்தென எழுந்து நின்றது. நாற்பது நிமிடத்தையும் காதால் கேட்டிருக்க வேண்டியதைக் கண்ணால் ஒரு நிமிடத்தில் கண்டுகொண்டோம். நான்காவதைப் பகலில், ஓலையிலும் மட்டையிலும் உராய்ந்து விழுந்த ஒரு பழத்திலிருந்து பெற்றோம். நான்கையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவதற்கு, உச்ச அளவைச் சமப்படுத்தும் விளைவை மைனஸ் 3 டெசிபெலில் வைத்துப் பயன்படுத்தினோம். இப்போது கிறீப்பர் வெடித்தால் பனம்பழம் விழுகிறது. அடுத்த வளவு அம்மாவிடம் முதல்நாள் அதைப் போட்டுக் காட்டியபோது, "உது எந்தப் பனை, பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

கிறீப்பரின் சீறலுக்கு ஆட்காட்டியை வைத்தோம். குளக்கட்டிலும் வயல்வரம்பிலும் நிலத்திலேயே முட்டையிட்டு, ஆள் நடமாட்டம் கண்டதும் மேலெழுந்து கத்தி ஊருக்கெல்லாம் அறிவிக்கும் அந்தப் பறவையைவிடப் பொருத்தமான எச்சரிக்கை இந்த நாட்டில் வேறில்லை. ஆனால் இங்கே காலக் கணக்கு ஒன்று குறுக்கே வந்தது. கிறீப்பர் சீறத் தொடங்கி வெடிப்பதற்கு ஒன்றரைச் செக்கன்தான் எடுக்கும். இரணைமடுக் குளத்தின் அலைகரையில் நாங்கள் பதிந்த ஆட்காட்டி ஐந்து செக்கன் கத்தியது. அதன் முதல் இரு கூவல்களை மட்டும் வெட்டியெடுத்து, வெட்டிய முனையில் 'டிக்' என்ற சிறு உடைசல் கேளாதிருக்க, அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளிக்குத் தெரிவை நகர்த்தும் இசட் விசையைப் பயன்படுத்தி, கடைசிப் பகுதியை மெல்லத் தேயவிட்டோம். இந்த நுட்பமான வெட்டு வேலையில் ஓடாசிட்டிக்கு நிகரான எளிமையை நான் இலவச மென்பொருள் எதிலும் காணவில்லை. ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடப் பெருப்பித்துப் பார்க்கலாம்.

இரைச்சல் நீக்கும் விளைவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஓடாசிட்டியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் புகழ்வது அதைத்தான், புதியவர்கள் பதிவைப் பாழாக்குவதும் அதனால்தான். இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைத் தெரிந்து மென்பொருளுக்குக் காட்டினால், அது அந்த இரைச்சலின் தன்மையைப் படித்துக்கொண்டு முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கிறது. ஒரே சீராக இரையும் மின்விசிறிக்கு இது நன்றாகப் பொருந்தும். குளக்கரைக் காற்று ஒரே சீராக வீசுவதில்லை. அதனால் அழுத்திக் கழித்தபோது ஆட்காட்டி தண்ணீருக்குள் இருந்து கத்துவதுபோல் ஆகிவிட்டது. பின்னர் வழியை மாற்றினோம். முதலில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியை 300 ஹேர்ட்ஸில் வைத்துக் காற்றின் உறுமலை நீக்கிவிட்டு, அதன் பின் இரைச்சல் நீக்கியை ஆறு டெசிபெல் அளவுக்கு மட்டும் பயன்படுத்தினோம். ஒலியை நிறமாலையாகக் காட்டும் பார்வையில், கீழே மங்கலாகப் பரந்து கிடக்கும் காற்றையும் மேலே கோடு கோடாகத் தெளிந்து நிற்கும் பறவையின் குரலையும் பிள்ளைகள் தாங்களே பிரித்துக் காட்டினார்கள். அதிர்வெண் என்ற சொல்லை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியதைவிட அந்தப் படம் அதிகம் விளக்கியது.

மடிக்கணினியிலேயே ஒலிவாங்கியைச் செருகிப் பதிவதானால், மின்னேற்றியைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸில் ஓடுவதால் அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் ஒரு முனகல் பதிவுக்குள் புகுந்துவிடும். அதைப் பின்னர் நீக்கலாம் என்றாலும், புகாமல் பார்த்துக்கொள்வதே மேல்.

ஆட்காட்டியை விளையாட்டுக்குள் வைப்பதில் எழுந்த சிக்கலையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இந்த இடத்தில் வேலையைக் கைவிடுகிறார்கள். மைன்கிராப்டில் கிறீப்பரின் சீறலும் டி.என்.டி.யின் திரி எரியும் ஓசையும் ஒரே கோப்பு. கோப்பையே மாற்றினால் டி.என்.டி.யும் ஆட்காட்டியாகக் கத்தும். ஆகவே, கோப்பை மாற்றாமல், எந்த நிகழ்வுக்கு எந்த ஓசை என்று சொல்லும் பட்டியலை மாற்ற வேண்டும். வளப்பொதி என்பது விளையாட்டின் ஓசைகளுக்குப் பதிலாக நம்முடையவற்றை வைக்கும் கோப்புத்தொகுதி. அதற்குள் அசெட்ஸ், அதற்குள் மைன்கிராப்ட் என்ற கோப்புறையில், சவுண்ட்ஸ் என்ற பெயரில் ஒரு ஜேசன் கோப்பை எழுதி, கிறீப்பர் சீறும் நிகழ்வின் பெயரைக் கொடுத்து, பழைய பட்டியலை நீக்கி நம்முடையதை வைக்கும்படி 'மாற்று' என்ற தெரிவை 'ஆம்' எனக் குறித்து, நம் ஓசைக்கோப்பின் பெயரை எழுதினால் போதும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் நம் ஓசை பழைய ஓசையோடு சேர்க்கப்படும், ஒருமுறை சீறலும் ஒருமுறை பறவையுமாக மாறி மாறி வரும். மாற்றம் செய்தபின் விளையாட்டை மூடித் திறக்கத் தேவையில்லை. எஃப்3 விசையை அழுத்தியபடி ரி விசையை அழுத்தினால் வளங்கள் மீண்டும் ஏறும்.

கோப்புகளின் பெயர்களில் சிறிய ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சில குறியீடுகள் தவிர வேறு எதையும் விளையாட்டு ஏற்காது. பிள்ளைகள் ஆசையோடு தமிழில் பெயரிட்ட கோப்புகள் எல்லாவற்றையும் மீண்டும் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் திரையில் தோன்றும் துணைவரிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விளையாட்டின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. வளப்பொதியில் தமிழுக்குரிய மொழிக்கோப்பை வைத்து, வெடிப்புக்கான துணைவரியைப் 'பனம்பழம் விழுகிறது' என்றும், சீறலுக்கானதை 'ஆட்காட்டி கத்துகிறது' என்றும் மாற்றினோம். காது கேளாத மாணவன் ஒருவன் எங்களிடம் படிக்கிறான். அவனுக்காகத்தான் துணைவரிகளைத் தொட்டோம்.

மற்ற ஓசைகள் வேகமாக நடந்தேறின. கண்ணாடி உடையும் ஓசைக்கு, முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் வாகனக்காரர் உடைக்கும் தேங்காயின் சத்தத்தைக் கோவில்காரரிடம் கேட்டுப் பதிந்தோம். மழைக்குத் தகரக்கூரையில் பெய்த மழை. மாட்டுக்குப் பட்டியடிக்குப் போனோம். பட்டிக்காரர், "பிள்ளை, சும்மா நிண்டால் மாடு கத்தாது. விடிய வாங்கோ, கண்டை அவிழ்க்க முதல் தாய் கத்தும்" என்றார். அவர் சொன்னபடி விடியற்காலை போனதால் ஒன்றல்ல, பன்னிரண்டு வெவ்வேறு குரல்கள் கிடைத்தன. அவற்றில் நான்கை வைத்தோம்.

ஒரு நீண்ட பதிவிலிருந்து பல துண்டுகளை வெளியே எடுக்கும்போது ஓடாசிட்டியின் பெயர்ச்சீட்டு வசதி மிகவும் கைகொடுக்கிறது. ஒவ்வொரு துண்டையும் தெரிந்து கன்ட்ரோல், பி விசைகளை அழுத்திப் பெயர் எழுதிவிட்டால், ஏற்றுமதியின்போது அந்தப் பெயர்களிலேயே தனித்தனிக் கோப்புகளாக எல்லாம் ஒரே தடவையில் வெளிவருகின்றன. ஒற்றைத்தடமாக்கல், உரப்புச் சமன்செய்தல், ஓக் வோர்பிஸ் வடிவில் எழுதுதல் ஆகியவற்றை ஒரே தொடர்க்கட்டளையாகச் சேமித்து, கோப்புகள் அனைத்துக்கும் ஒன்றாக ஏவவும் முடியும். வோர்பிஸ் தரத்தைப் பூச்சியம் முதல் பத்து வரையான அளவுகோலில் ஐந்தாக வைத்தோம். அதற்கு மேல் வைத்தபோது எங்கள் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. மழையைப் போல் தொடர்ந்து ஒலிக்க வேண்டியவற்றுக்கு வேலையின் எந்தக் கட்டத்திலும் எம்பி3 வடிவத்தைப் பயன்படுத்த வேண்டாம். அந்த வடிவம் கோப்பின் தொடக்கத்தில் ஒரு சிறு வெறுமையைச் சேர்த்துவிடுவதால், ஓசை சுற்றித் திரும்பும் இடத்தில் இடைவெளி கேட்கும்.

குறைகளுக்கு வருகிறேன். ஓடாசிட்டியின் திட்டக்கோப்பு மிகப் பெரிது. இயல்பான அமைப்பில் அது ஒவ்வொரு மாதிரியையும் 32 பிட்டில் வைத்திருப்பதால், இரட்டைத்தடப் பதிவு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 21 மெகாபைட் பிடிக்கும். நாங்கள் பனையடியில் எடுத்த நாற்பது நிமிடம் ஏறத்தாழ 850 மெகாபைட்டை விழுங்கியது. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து திட்டம் முழுவதும் ஒரே கோப்பாகச் சேமிக்கப்படுவதால், முன்னர் போல் கோப்புறையை விட்டுவிட்டுத் தலைப்புக்கோப்பை மட்டும் பிரதிசெய்து வேலையை இழக்கும் அபாயம் இப்போது இல்லை. ஆயினும் வேண்டாத பகுதியை வெட்டியெறிந்த பின்னரும், கட்டளைகளை மீளப்பெறும் வரலாறு இருக்கும்வரை கோப்பு சுருங்காது. சிறிய வன்வட்டு உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் திடீரென நின்று கணினி அணைந்த இரண்டு தடவைகளிலும், மீண்டும் திறந்தபோது சேமிக்காத வேலையைக் கூட மீட்டுத் தரட்டுமா என்று அது கேட்டது, மீட்டும் தந்தது. எங்கள் ஊர் நிலைமைக்கு இந்த ஒரு குணத்துக்காகவே பல குறைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

பட்டியல்களும் பொத்தான்களும் நிறைந்த அதன் முகப்பு, புதியவரைத் தயங்கவைக்கிறது. விளைவுகளில் பலவும் ஒலியை நேரடியாகவே மாற்றிவிடுகின்றன. 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து, ஒலியைத் தொடாமல் கேட்கும்போதே விளைவை ஏற்றி இறக்கிப் பார்க்கும் வசதி வந்திருந்தாலும், நாங்கள் அதிகம் நம்பிய இரைச்சல் நீக்கி அந்த முறையில் இயங்குவதில்லை. ஆகவே மூலப்பதிவின் பிரதியொன்றைத் தொடாமல் தனியே வைத்திருக்க வேண்டும். 2021இல் மியூஸ் குழுமம் இந்த மென்பொருளைப் பொறுப்பேற்றபோது பயனரின் தரவு சேகரிப்புக் குறித்து எழுந்த கண்டனங்களைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பயன்பாட்டு விவரங்களைச் சேகரிக்கும் அந்த யோசனை கைவிடப்பட்டது. புதிய பதிப்பைத் தேடும் இணையத் தொடர்பையும் விருப்பத்தேர்வில் நிறுத்தி வைக்கலாம், நாங்கள் நிறுத்தியே வைத்திருக்கிறோம்.

மைன்கிராப்டை விட்டு வேறு விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஓடாசிட்டி எந்த அளவுக்கு உதவும் என்பது அந்த விளையாட்டைப் பொறுத்தது. பழையவற்றுக்கு அது எதிர்பாராத வகையில் துணைநிற்கிறது. 1993இல் வந்த டூம் விளையாட்டின் ஓசைகள் பெரும்பாலும் தலைப்புப் பகுதியொன்றை அடுத்து, 11,025 ஹேர்ட்ஸில், 8 பிட் குறியற்ற எண்களாகச் சுருக்கமின்றி அடுக்கப்பட்டவை. ஓடாசிட்டியின் மூலத்தரவு இறக்குமதியில் இவ்விவரங்களைக் கொடுத்தால், எந்தத் தனிக் கருவியும் இல்லாமல் அவை அப்படியே திறக்கும். விவரம் பிழைத்தால் வெறும் இரைச்சல் வரும், எண்ணை மாற்றி மாற்றிச் சரியான ஓசை வெளிவருவதைக் காண்பது பிள்ளைகளுக்கு அருமையான பாடம். டூமின் இயந்திரத்திலேயே ஓடும், உள்ளடக்கம் முழுவதும் சுதந்திரமாகப் பகிரத்தக்க ஃப்ரீடூம் விளையாட்டை இதற்குப் பயன்படுத்தினோம். ஓசையைத் திரும்ப உள்ளே வைப்பதற்கு ஸ்லேட் என்ற இலவசத் தொகுப்பியை நாடினோம். ஆனால் வைஸ், எஃப்மொட் போன்ற ஒலி இயந்திரங்களைப் பயன்படுத்தும் இன்றைய பெரிய விளையாட்டுகளின் ஒலிவங்கிகளை ஓடாசிட்டி திறக்காது. விஜிஎம்ஸ்ட்ரீம் என்னும் இலவசக் கருவி அவற்றில் பலவற்றை வேவ் கோப்பாக மாற்றித் தரும். அதன்பின்னரே ஓடாசிட்டிக்கு வேலை. மாற்றியதைத் திரும்ப வங்கிக்குள் அடைப்பது ஒவ்வொரு விளையாட்டுக்கும் வேறுபடும் தனிக் கலை, புதியவர் அங்கிருந்து தொடங்கவேண்டாம்.

விளையாட்டிலிருந்து எடுத்த ஓசைகளை ஆராய்ந்து படிப்பதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். பகிரும் பொதிக்குள் அவற்றில் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை. அவை வேறொருவரின் உழைப்பு. எங்கள் பொதியில் உள்ளவை அனைத்தும் நாங்களே பதிந்தவை, கோவிலிலும் பட்டியிலும் அனுமதி கேட்டுப் பதிந்தவை. அது இப்போது பென்டிரைவ் வழியாக மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் உள்ள பிள்ளைகளிடம் போயிருக்கிறது.

செலவே இல்லாமல், பழைய கணினியில், சொந்தப் பதிவுகளை வெட்டித் திருத்தி விளையாட்டுக்கு ஏற்ற வடிவில் எழுத விரும்புகிறவருக்கு ஓடாசிட்டியை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். எஃப்எஃப்எம்பெக் நூலகத்தையும் அன்றே சேர்த்து நிறுவிவிடுங்கள். இடியோசை மூன்றை மட்டும் எங்களால் இன்னும் மாற்ற முடியவில்லை. சென்ற மாரியில் பதிந்தவை எல்லாம் அலையின் உச்சி தட்டையாக வெட்டுண்டு கிடக்கின்றன, அப்படி வெட்டுண்டதை எந்த விளைவாலும் சீராக மீட்க முடியாது. பதிவு அளவைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கிறோம்.